தந்தை செல்வாவும் 29ஆம் பிரிவும்

பரந்தன், கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறிய மலையகக் குடும்பங்கள் பலவற்றின் அலைச்சல் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்திலிருந்தே தொடங்குகிறது. ஈப்போவில் 1898இல் பிறந்த சா.ஜே.வே. செல்வநாயகம், பெயர்பெற்ற சிவில் வழக்கறிஞர். அச்சட்டத்தை எதிர்த்தே அவர் பொன்னம்பலத்தைப் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

ஓர் இனத்தையோ மதத்தையோ தனித்துப் பாதிக்கும் சட்டம் செல்லாது என்றது சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இருந்த காப்பு அதுவே. எனினும், பிரஜாவுரிமைச் சட்டம் அதனை மீறவில்லையென 1953இல் கோடக்கன்பிள்ளை வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்த்தது. மறு ஆண்டே அமெரிக்க உயர் நீதிமன்றம், பாடசாலைகளில் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்துவைப்பது யாப்புக்கு முரண் என்றது.

இங்கோ, சிங்களப் பரீட்சைக்குத் தோற்றாமையால் சம்பள உயர்வை இழந்த எழுதுவினைஞர் கோடீஸ்வரனுக்கு 1964இல் மாவட்ட நீதிமன்றம் நீதி வழங்கிற்று. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்காட முடியாதென்று கூறி அதைப் புரட்டியது. 1969இல் பிரிவி கவுன்சில் அந்தக் காரணத்தை நிராகரித்து, தனிச்சிங்களச் சட்டம் செல்லுமா என ஆராயும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஆராய்வார் இல்லை. 1972 யாப்பு 29ஆம் பிரிவையே அகற்றிவிட்டது. பாதகமான தீர்ப்பைவிடக் கேள்வியையே இல்லாமற் செய்தது கொடிது என்பது எமது கருத்து.

செல்வநாயகம் அவ்வாண்டே காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தலை அரசு 1975 வரை இழுத்தடித்தது; பெரும் வாக்கு வித்தியாசத்தில் அவரே வென்றார். நடுக்கவாதத்தால் தளர்ந்திருந்த அவர், 1977 ஏப்ரல் 26இல் காலமானார்.