ரத்தத்தில் பாஸ்பரஸை அளந்த சுப்பாராவ்

மருத்துவ உலகில் அழியாப் புகழ் பெற்றவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந்தேதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது கதர் அணிந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

ஸ்ப்ரூ என்னும் கிராணி நோய் அவருடைய அண்ணனைப் பலிகொண்டது. உண்ட உணவின் சத்து உடம்பில் ஒட்டாமல், ரத்தம் குறைந்து மெலியும் நோய் அது. அந்த மரணம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அமெரிக்காவில்

மாமனாரின் உதவியுடன், மனைவியைப் பிரிந்து பாஸ்டன் சென்றார். வயிற்றுப்பாட்டுக்காக ஆஸ்பத்திரியில் இரவில் ஏவல் வேலை பார்த்தார். பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார்.

எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தரும் தாது, பாஸ்பரஸ். 100 மில்லி ரத்தநீரில் அது சுமார் 3 அல்லது 4 மில்லிகிராம்தான் இருக்கும். கணை நோயில் குறையும். சிறுநீரகம் பழுதானால் கூடும். இவ்வளவு சிறிய அளவைக் கண்டறிய, பேராசிரியர் பிஸ்கேயுடன் சேர்ந்து 1925-ல் எளிய முறை ஒன்றை வகுத்தார். ரசாயனம் கலந்ததும் தோன்றும் நீல நிறத்தின் அடர்த்தியே அளவைக் காட்டிவிடும்.

தசைகள் இயங்கச் சக்தி தருவதும் பாஸ்பரஸ் சேர்ந்த பொருட்களே என்பது, 1927-லும் 1929-லும் வெளியான அவர்களது ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஆயினும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார்.

பம்பாய்ப் பெண்களின் சோகை

1928-ல் பம்பாய் வந்த டாக்டர் லூசி வில்ஸ், ஆலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சத்து அதைத் தீர்த்தது. அதிலிருந்த பொருள் என்ன என்பது மட்டும் விளங்கவில்லை. அதுவே போலிக் அமிலம். 1945-ல் சுப்பாராவின் குழு அதை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தது. அண்ணனைக் காக்க முடியாதவரின் உழைப்பால் கிராணி நோயாளிகள் பலர் தேறினார்கள்.

யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான் மருந்தும் அவரது குழு தந்ததே.

1948-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 53-வது வயதில், தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. தாயகம் திரும்பவே இல்லை. மனைவி காத்திருந்தது வீணாயிற்று. 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

கீரையிலும் பருப்பிலும் இருக்கும் சத்துதான் போலிக் அமிலம். இன்று கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் வழங்கும் மாத்திரையில் இரும்புச் சத்துடன் அதுவும் சேர்ந்திருக்கிறது.