மொழி அறியா மழலைக்கும் ஒரு வீடு: மரியா மாண்டிசோரி அம்மையார்

நம் வண்டியூரில் ஆண்டுதோறும் புதுப் புதுக் கட்டடங்கள் எழும்புகின்றன. அவற்றில் வேலை செய்வோருள் பலர் பீகார், ஒடிசா போன்ற தொலைவான மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய மூன்று வயதுக் குழந்தை நம் ஊர்ப் பாலர் பள்ளியில் முதல் நாள் வந்து உட்காரும்போது, தமிழ் அதற்கு வெறும் ஓசையாகவே கேட்கும். தாகம் எடுத்தாலும் கேட்கத் தெரியாது. நாம் அன்போடு சொல்வதும் புரியாது. அத்தகைய குழந்தையை எவ்வாறு வரவேற்பது? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை தந்த பெண்மணி ஒருவர், நம் மதுரைக்கு அண்மையிலுள்ள கொடைக்கானல் மலையில் சுமார் இரண்டாண்டுகள் வாழ்ந்திருக்கிறார். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் ஊரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதை உலகம் ஏளனம் செய்த அக்காலத்தில், பல தடைகளைத் தாண்டி 1896இல் ரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடையே பணியாற்றியபோது, அவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே தேவை என்று கண்டார்.

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், ரோமையின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அது மூன்று இராசாக்கள் திருநாள்! தொலைநாட்டு ஞானிகள் ஒரு சிறு குழந்தையின் முன் மண்டியிட்டதை நாம் நினைவுகூரும் அந்நாளில், ஏழைக் குழந்தைகளுக்கு ஒரு வீடு திறக்கப்பட்டது எவ்வளவு பொருத்தம்!

அடுத்த ஆண்டிலேயே ஒரு பெருந்துயரம் நேர்ந்தது. 1908 டிசம்பர் 28 அன்று சிசிலித் தீவின் மெசினா நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தது. இடிபாடுகளிடையே தனியே கிடந்த ஏறத்தாழ அறுபது குழந்தைகள் ரோமைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களைப் பிரான்சிஸ்கன் கன்னியர் தம் மடத்தில் ஏற்றுக்கொண்டனர். மாண்டிசோரி முறையில் அங்கே ஓர் இல்லம் அமைந்தது. அக்குழந்தைகளின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. சிசிலியின் பேச்சு வேறு, ரோமையின் பேச்சு வேறு. குழந்தைகள் பேசவில்லை, சரியாக உண்ணவில்லை, இரவில் அலறி அழுதனர்.

கன்னியர் என்ன செய்தனர்? அறிவுரை கூறவில்லை, பேசும்படி வற்புறுத்தவும் இல்லை. குழந்தைகளின் உயரத்துக்கேற்ற சிறு மேசைகளையும், தாமே திறந்து மூடக்கூடிய சிறு அலமாரிகளையும் வைத்தனர். தோட்டத்தில் பொன்மீன்களும் புறாக்களும் இருந்தன. மேசையில் தட்டு வைப்பது, பிறருக்கு உணவு பரிமாறுவது போன்ற வேலைகளைப் பொறுமையாகச் செய்து காட்டினர். சின்னஞ்சிறு கைகளுக்கு வேலை கிடைத்தது. நாள்தோறும் ஓர் ஒழுங்கு கிடைத்தது. மெல்ல மெல்லப் பசியும் உறக்கமும் திரும்பின, சிரிப்பும் திரும்பியது.

பிற்காலத்தில் அம்மையாரே அந்நிய மண்ணில் வாழ நேர்ந்தது. முசோலினியின் ஆட்சியோடு ஒத்துப்போக முடியாமல் 1934இல் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். ஸ்பெயின் நாட்டில் 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் அங்கிருந்தும் புறப்பட்டு ஹாலந்துக்குப் போனார். 1939இல், தம் அறுபத்தொன்பதாம் வயதில், பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ அதை ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார்.

சில மாதங்கள் தங்கவே வந்தவரைப் போர் தடுத்து நிறுத்தியது. 1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு அவர்களை எதிரி நாட்டவராகக் கருதியது. மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று வளாகத்துக்குள் இருத்தப்பட்டார். தமக்காகப் பேசிவந்த மகனும் அருகில் இல்லை! அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளையொட்டியே மரியோ விடுவிக்கப்பட்டார்.

1942 முதல் 1944 வரை அம்மையார் கொடைக்கானலில் வாழ்ந்தார். அங்கே பல நாட்டுக் குழந்தைகளும் பல வயதுக் குழந்தைகளும் ஒன்றாகக் கற்ற சிறு பள்ளி ஒன்று நடந்தது. பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் தன்னைச் சூழ்ந்த மொழியையும் பழக்கவழக்கங்களையும் தானே ஈர்த்துக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். இக்கருத்தைக் கூறும் அவருடைய நூல் 1949இல் அடையாற்றிலேயே முதலில் வெளிவந்தது. 1952 மே 6ஆம் நாள் ஹாலந்து நாட்டில் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். அவருடைய நூற்றாண்டான 1970இல் நம் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்பது யாது? புதிதாய் வரும் குழந்தை பேசவில்லை என்றால் அதற்கு அறிவு குறைவு என்று எண்ணலாகாது, அது கேட்டுக்கொண்டிருக்கிறது. அதன் பெயரைத் திருத்தமாகச் சொல்லி அழைப்போம். தண்ணீர், பசி, அம்மா என்னும் சொற்களை அதன் தாயிடம் அதன் மொழியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வோம். நாள்தோறும் அதே இடத்தில் அதன் பாயை விரிப்போம். தட்டு எடுத்து வைக்கவும் செடிக்கு நீர் ஊற்றவும் அதற்கும் ஒரு பங்கு கொடுப்போம். தாய்மொழியைத் தடுக்காமல் இருந்தால், தமிழ் தானே வந்து சேரும்.

அன்பு மாணவியரே, பாலன் இயேசுவும் ஏரோதுக்குத் தப்பி எகிப்து நாட்டில் அந்நியக் குழந்தையாக வாழ்ந்தவரே. அங்கேயும் யாரோ ஒரு தாய் அவருக்குத் தண்ணீர் கொடுத்திருப்பாள். யாரோ ஒரு சிறுமி கைப்பிடித்து விளையாட அழைத்திருப்பாள். அந்தச் சிறுமியின் இடத்தில் இன்று நாம் நிற்கிறோம்.