பியானோ இல்லாத பாட்டு

ராக்மனினோவ் என்றால் மேல்நாட்டு இசை ரசிகர்களுக்குப் பியானோதான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் மிகவும் நேசித்த படைப்பு ஒன்றில் பியானோ கிடையாது. எந்த வாத்தியமும் கிடையாது. வெறும் மனிதக் குரல்தான்.

1873-ம் ஆண்டு ரஷ்யாவின் நோவ்கரோட் பகுதியில் ஜமீன் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை சொத்துக்களைக் கரைத்துவிட்டார். குடும்பம் பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தது. அங்கே பாட்டி பேரனைக் கோயில் கோயிலாக அழைத்துச் சென்றார். மணியோசையும் பாடகர்களின் குரலும் சிறுவன் மனதில் தங்கிவிட்டன.

1897-ல் அவரது முதல் சிம்பனி படுதோல்வி அடைந்தது. மூன்று ஆண்டுகள் மனமுடைந்து கிடந்தார். டாக்டர் நிக்கலாய் டால் என்பவர் மனோவசிய சிகிச்சை அளித்துத் தேற்றினார். பிறகு எழுதிய இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ அவரை உலகப் புகழ் பெறச் செய்தது. அதை டாக்டருக்கே காணிக்கையாக்கினார்.

1915-ம் ஆண்டு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இரண்டே வாரத்துக்குள் 'இரவு முழு வழிபாடு' என்ற 15 பாடல்களை எழுதி முடித்தார். வார்த்தைகள், ரஷ்யக் கோயில்களில் ஓதப்படும் பழைய ஸ்லாவோனிக் மொழி வாசகங்கள். அந்தக் கோயில்களில் வாத்தியம் வாசிக்கும் வழக்கமில்லை. ஆகவே மணியோசையைக்கூடக் குரலிலேயே கொண்டு வந்தார்!

ஐந்தாவது பாடல்தான் அவருக்கு உயிர். குழந்தை ஏசுவைக் கையில் ஏந்திய கிழவர் சிமியோன், இனி நிம்மதியாகக் கண் மூடலாம் என்று ஆண்டவனிடம் விடை கேட்கும் பாட்டு. முடிவில் ஆண்களின் கனத்த குரல் படிப்படியாக இறங்கி அடிமட்டத்துக்கே போய்விடும். இவ்வளவு தாழ்ந்த குரலுக்கு ஆள் எங்கே கிடைக்கும் என்று குழுவை நடத்திய டானிலின் திகைத்தாராம். தம் நாட்டார் குரல்வளம் ராக்மனினோவுக்குத் தெரியும். ஆட்கள் கிடைத்தார்கள். மார்ச் மாதம் மாஸ்கோவில், போர் நிவாரண நிதிக்காக அரங்கேற்றம் நடந்தது. அமோக வரவேற்பு!

இரண்டே ஆண்டில் புரட்சி வந்தது. 1917 டிசம்பரில் மனைவி, இரு பெண்களுடன் நாட்டை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு அமெரிக்கா. அரங்கேற்றம் செய்த பாடகர் குழுவும் கலைக்கப்பட்டது.

குடும்பம் நடக்க வேண்டுமே! ஊர் ஊராகப் பியானோ கச்சேரி செய்தார். பணம் குவிந்தது, பாட்டு குறைந்தது. அந்த 25 ஆண்டுகளில் அவர் எழுதிய பெரிய படைப்புகள் ஆறுதான். பிழைக்கப் போன இடத்தில் வேறென்ன செய்வது? வீட்டில் மட்டும் ரஷ்யப் பேச்சு, ரஷ்யச் சாப்பாடு. 1941-ல் ஜெர்மனி ரஷ்யாவைத் தாக்கியபோது, கச்சேரி வசூலை அங்குள்ளவர்களின் நிவாரணத்துக்குக் கொடுத்தார். ஆனால் திரும்பிப் போகவே இல்லை.

1943 மார்ச் 28-ந் தேதி கலிபோர்னியாவில் புற்றுநோயால் காலமானார். 70 வயது நிறையச் சில நாட்களே இருந்தன. தம் இறுதிச் சடங்கில் அந்த ஐந்தாவது பாடலைப் பாட வேண்டும் என்பது அவர் ஆசை. சுவிட்சர்லாந்தில் கட்டிய வீட்டருகே அடக்கமாக வேண்டும் என்பது இன்னொரு ஆசை. போர்க் காலம், உடலைக் கொண்டுபோக வழியில்லை. நியூயார்க் மாநிலத்தில், கென்சிகோ கல்லறைத் தோட்டத்தில், ரஷ்யச் சிலுவையின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார்.