1,285 ஓட்டு: காமராஜரின் விருதுநகரில் ஒரு நடை

விருதுநகர்னா பலருக்கு எண்ணெய் பரோட்டாதான் ஞாபகம் வரும். இல்லைன்னா, சிவகாசிக்குப் பட்டாசு வாங்கப் போகும்போது கடந்து போகிற ஊர். ஆனால் பஜாருக்குள் ஒரு மணி நேரம் நடந்தால் காமராஜர் வாழ்க்கையில் பாதியைப் பார்த்துவிடலாம்.

முதலில் அவர் வீடு. இப்போது அரசு நினைவு இல்லம். 1903 ஜூலை 15-ல் அவர் பிறந்தபோது ஊரின் பெயர் விருதுபட்டி. உள்ளே போனால், இவ்வளவுதானா என்று தோன்றும். மகன் முதல்வரான பிறகும் சிவகாமி அம்மாள் இங்கேதான் இருந்தார். மாதம் 120 ரூபாய் வரும் என்பார்கள். நகராட்சி வீட்டுக்குள்ளேயே போட்டுக் கொடுத்த தண்ணீர்க் குழாயை மகன் எடுக்கச் சொன்ன கதையும் ஊரில் ரொம்பப் பிரபலம். கேட்க நல்லாத்தான் இருக்கு. அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்குமோ!

அடுத்து, அவர் படித்த சத்திரிய வித்யாசாலா. வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி, இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளி. ஆறு வயதில் அப்பாவை இழந்த பையன், ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் ஜவுளிக்கடைக்குப் போனான். பிற்பாடு முதல்வராக ஊர் ஊராகப் பள்ளி திறந்து மதிய உணவு போட்டதற்கு விதை இந்தத் தெருவிலேயே இருந்திருக்கலாம்.

ஜவுளிக்கடையில் மனசு ஒட்டவில்லை. 1919 ஜாலியன்வாலாபாக் செய்தி அவரைக் காங்கிரஸ் பக்கம் இழுத்தது. 1930-ல் வேதாரண்யம் உப்புப் போராட்டம், ஜெயில். 1942-ல் பம்பாய் காங்கிரஸ் கூட்டம் முடிந்து திரும்பும்போது, போலீஸ் கண்ணில் படாமல் அரக்கோணத்தில் ரயிலிலிருந்து இறங்கி, மாவட்டம் மாவட்டமாக வேலையை முடித்துவிட்டுச் சொந்த ஊருக்கு வந்தார். பிறகு போலீசுக்குத் தானே தகவல் அனுப்பிக் கைதானார். வெளியே வர 1945 ஆகிவிட்டது.

நகராட்சி அலுவலகம் பக்கம் வந்தால் இன்னொரு கதை. 1941-ல், ஜெயிலில் இருந்த அவரையே ஊர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. விடுதலையாகி வந்தார், பொறுப்பேற்றார், உடனே ராஜினாமா செய்தார். முழு நேரம் பார்க்க முடியாத பதவியில் உட்கார அவருக்கு விருப்பமில்லை.

கடைசியில் தேசபந்து மைதானம், அவர் சிலை நிற்கும் இடம். 1954 முதல் 1963 வரை முதல்வர், பிறகு அகில இந்திய காங்கிரஸ் தலைவர், நேருவுக்குப் பின் இரண்டு பிரதமர்கள் வரக் காரணமாக இருந்தவர். அப்படிப்பட்டவர் 1967-ல் விருதுநகரில் நின்று, திமுக மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் தோற்றார். வித்தியாசம் 1,285 ஓட்டு. இந்தி எதிர்ப்பும் அரிசித் தட்டுப்பாடும் மாநிலம் முழுக்கக் காங்கிரசை அடித்த தேர்தல் அது. சொந்த ஊரும் விலக்காக இருக்கவில்லை.

1969-ல் நாகர்கோவில் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1975 அக்டோபர் 2-ல் சென்னையில் இறந்தார். அதன் பிறகு பத்து ஆண்டுகூட ஆகவில்லை, 1985-ல் ராமநாதபுரத்தைப் பிரித்து உருவாக்கிய புது மாவட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்று 1997-ல் அரசு முடிவெடுத்த பிறகுதான் அது விருதுநகர் மாவட்டம் ஆனது.