ஐதராபாத் வழக்கில் வாதாடிய முதலியார்

கர்நூலில் 1887-ல் இரட்டையராகப் பிறந்தவர்கள் ராமசாமி முதலியாரும் லட்சுமணசாமி முதலியாரும். தம்பி டாக்டரானார், 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக விளங்கினார். அண்ணன் வக்கீலானார், நீதிக் கட்சியில் புகழ் பெற்றார்.

ராஜதந்திரத்தை அவர் கல்லூரியில் பயின்றவரல்லர். சட்டமும் மேடைப் பேச்சுமே அவருடைய மூலதனம். 1945-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். மறு ஆண்டு ஐ.நா. பொருளாதார, சமூக சபையின் முதல் தலைவரானார்.

1948 ஆகஸ்டில் நிஜாம் அரசு பாதுகாப்பு சபையில் இந்தியா மீது புகார் செய்தது. செப்டம்பர் 13-ல் இந்தியப் படை சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. 16-ந் தேதி பாரிஸில் சபை கூடியபோது இந்தியாவுக்காக எழுந்தவர் முதலியார்தான். ஐதராபாத் ஒருநாளும் தனி நாடாக இருந்ததில்லை, ஆகவே முறையிட அதற்கு உரிமையில்லை என்பது அவர் வாதம். மறுநாளே நிஜாம் பணிந்தார். 22-ல் புகாரையும் வாபஸ் பெற்றார். சபை தீர்ப்பு எதுவும் கூறவில்லை. வாதம் முடியுமுன் படை முடித்துவிட்டது.

உள்நாட்டு விவகாரம் எது, உலக விவகாரம் எது? ராஜதந்திரம் பயிலும் முதுகலை மாணவர்கள் இன்றும் ஆராயும் கேள்வி இது. அதற்கு உலக அரங்கில் நின்று பதில் சொன்ன முதலியார் 1976-ல் காலமானார். இந்நகரில் வாழும் தமிழர் மறக்கலாகாத பெயர் அது.