நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார்

ஒரு சமூகத்தின் மேன்மை கருதி வெளிவரும் இவ்விதழில், பிற குலத்திற் பிறந்த ஒருவரது சரிதத்தை எழுதப் புகுந்தது ஏன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அதற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன், நாம் கற்பிக்கும் பள்ளியில் ஆண்டு விழாவுக்கென ஒரு நாடகம் பயிற்றினோம். கிளிஞ்சல்மேட்டுச் சிறுவன் ஒருவன் தலைமை வேடம் பூண்டு, உச்சரிப்புப் பிழையின்றியும் உணர்ச்சி குன்றாமலும் பேசி வந்தான். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் அவன் தந்தையார் வந்து, கூத்தாடுதல் தம் குடிக்கு இழுக்கு என்று சொல்லி மகனை அழைத்துச் சென்றார். வலையும் படகுமாகக் கடலோடு போராடிப் பிள்ளையைப் படிக்கவைக்கும் அப்பெரியவரிடம் மறுமொழி கூற நமக்கு அன்று நா எழவில்லை. அன்று கூறாத மறுமொழியே இக்கட்டுரை என்று கொள்க.

பம்மல் விஜயரங்க சம்பந்த முதலியார் 1873-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் சென்னையிற் பிறந்தார். தந்தையார் விஜயரங்க முதலியார் கல்வித் துறையிற் பணிபுரிந்தவர். தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர். புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்த மைந்தருக்கு இளமையில் தமிழ் நாடகத்தின்மேல் வெறுப்பே மிகுந்திருந்தது. இரவு முழுவதும் பாட்டாகவே நடந்து, விடியலில் முடிவெய்தும் அக்காலத்துக் கூத்துக்களைக் கற்றோர் இகழ்ந்தனர். நடிகரை வீட்டுத் திண்ணையில் ஏற்றவும் கூசினர். அவ்வெறுப்பைக் கொண்டிருந்தவரே பின்னர் நாடகத்திற்குத் தந்தையானார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அம்மாற்றத்தை விளைத்தது 1891-இல் நிகழ்ந்த ஒரு சம்பவம். கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாசார்லு என்னும் வக்கீல் தம் சரச விநோதினி சபையாருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினார். நடித்தோர் கூலிக்கு ஆடுவோர் அல்லர். கற்றறிந்து கண்ணியமான தொழில் புரியும் கனவான்கள். அவர்களைக் கண்ட இளைஞர் சம்பந்தத்திற்கு, ஆந்திரர்க்கு இயல்வது தமிழர்க்கு ஏன் இயலாது என்னும் எண்ணம் எழுந்தது. அவ்வாண்டு ஜூலை முதல் நாளே நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

இரண்டாண்டு கழித்து, 1893-இல், அவரது புஷ்பவல்லி அரங்கேறியது. 1895-இல் லீலாவதி-சுலோசனையும் மனோகராவும் வந்தன. பாட்டின் ஆதிக்கம் குறைந்து, மாந்தர் மாந்தரோடு பேசுவது போன்ற உரைநடை மேடையேறியது. இரவெல்லாம் நீண்ட ஆட்டம் சில மணி நேரத்தில் முடியும் நாடகமாய்ச் சுருங்கிற்று. கூத்து என இகழப்பட்டது கற்றோர் அமர்ந்து கேட்கும் கலையாயிற்று.

மனோகராவின் கதையை இவ்விடத்திற் சிறிது கூறுதல் பொருந்தும். அரசன் புருஷோத்தமன் வசந்தசேனை என்னும் பரத்தையின் வலையில் வீழ்ந்து, கற்பரசியாகிய பத்மாவதியைத் துறக்கிறான். மகன் மனோகரன் பெருவீரன். ஆயினும், பொறுத்திரு என்று அன்னை இட்ட ஒரு சொல்லுக்குக் கட்டுண்டு அவமதிப்பெல்லாம் சகிக்கிறான். இறுதியில் அவ்வன்னை விடை தந்தவுடன் சங்கிலிகளை அறுத்தெறிந்து நிற்கிறான். இரும்பு கட்டாத வீரனைத் தாயின் வாக்குக் கட்டிற்று என்பதே அந்நாடகத்தின் உயிர். இத்தகைய கதையை நடிப்பது பிள்ளைகளைக் கெடுக்குமா, திருத்துமா என்பதைப் பெற்றோரே தீர்மானிக்கட்டும்.

நாடகப்பித்து அவருடைய தொழிலைக் கெடுத்ததோ எனின், இல்லை. சட்டம் பயின்று 1898-இல் வக்கீலானார். 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கினார். பகலில் நீதியும் மாலையில் நாடகமுமாக வாழ்ந்த அவரை உலகம் எதனாலும் குறைத்து மதித்ததில்லை. அவரைப் பின்பற்றி வழக்கறிஞரும் உத்தியோகஸ்தரும் கூச்சமின்றி முகத்தில் அரிதாரம் பூசினர். தேச பக்தர் சத்தியமூர்த்தியும் அச்சபையின் மேடையில் நடித்தவரே. பெண் வேடம் தாங்கிய சி. ரங்கவடிவேலு முதலியாரும் சம்பந்த முதலியாரும் மேடையில் இணைபிரியாத நாயகி நாயகராய் விளங்கினர். அவ்வுயிர் நண்பர் மறைந்த துயரம் ஆசிரியரை நெடுங்காலம் வாட்டியது.

அவர் இயற்றிய நாடகங்கள் எண்பதுக்கும் மேற்பட்டன. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அமலாதித்யன் என்றும், வெனிஸ் நகர வணிகன் கதையை வாணீபுர வணிகன் என்றும், மாக்பெத்தை மகபதி என்றும் தமிழாக்கினார். பெயர்களும் பழக்கங்களும் தமிழ் உருக் கொண்டமையால், மூலம் அறியாதாரும் அவற்றை நம் நாட்டுக் கதையென்றே சுவைத்தனர். பிரெஞ்சு ஆட்சியின் கீழ் 1954 வரை இருந்த காரைக்காற் பகுதியினராகிய நமக்கு, பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் நகைச்சுவையைக் காளப்பன் கள்ளத்தனம் ஆக்கித் தந்தவரும் அவரே என்பது தனி உவகை தரும். பொய்யே பேசும் சந்திரஹரியைப் படைத்து, மெய்யே பேசிய அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாக்கி நகைக்கவைத்தார். அவர் புகழ் நமக்கு எதிர்க்கரையாகிய இலங்கைக்கும் சென்றது. கலையரசு சொர்ணலிங்கம் அவரைக் குருவாகக் கொண்டு அந்நாட்டில் நாடகம் வளர்த்தார்.

1931-இல் தமிழ்ப் பேசும் படம் தோன்றியபோது அவர் வயது ஐம்பத்தெட்டு. முதுமை எய்திய நாடகாசிரியர் பலர் சினிமாவைப் பகையென்று ஒதுக்க, அவர் அப்புதுக் கருவியையும் கற்கத் துணிந்தார். 1936-இல் மனோகரா படமானபோது தாமே அரசன் புருஷோத்தமனாக நடித்தார். அத்துறையிற் கண்டவற்றைப் பேசும்பட அனுபவங்கள் என்னும் நூலாகவும் எழுதிவைத்தார். அவரது சபாபதி 1941-இல் ஏ. வி. மெய்யப்பரின் முயற்சியாற் படமாகி, டி. ஆர். ராமச்சந்திரனுக்கும் காளி என். ரத்தினத்திற்கும் பெரும்பெயர் ஈட்டியது. அதில் தமிழ் வாத்தியார் ஒருவரும் சிரிப்புக்கு இலக்காகிறார். அதே தொழிலில் உள்ள நாம் முதலில் சற்றே முகஞ்சுளித்து, பின்னர் மற்றையோரினும் உரக்கச் சிரித்தோம் என்பதை மறைப்பானேன்? 1954-இல் எல். வி. பிரசாத் இயக்க, சிவாஜி கணேசன் நடிக்க, மனோகரா மீண்டும் படமாகி, ஆசிரியர் பெயரறியாத சிற்றூர்களிலும் அவர் கதையைக் கொண்டு சேர்த்தது.

மேடையிற் கண்டதும் கேட்டதுமாகிய தம் வாழ்வை நாடக மேடை நினைவுகள் என்னும் நூலில் விரிவாக எழுதினார். அந்நூல் இன்றேல் அக்கால நாடகத்தின் வரலாறு பெரிதும் இருண்டிருக்கும். 1959-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. 1964-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், தொண்ணூற்றொன்று நிறைந்த முதியவராய் இவ்வுலகை நீத்தார்.

அவர் வாழ்வினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? ஒரு தொழில் இழிந்தது எனப்படுவது அத்தொழிலின் இயல்பால் அன்று. அதனைக் கையாள்வோரையும் அவர்களை நோக்குவோரையும் பொறுத்ததாம். கடல்மேற் செல்லும் தொழிலையும் இழிவென்று சொன்னவர் உண்டு. அச்சொல்லின் கொடுமையை அனுபவித்த நாமே, பிறிதொரு தொழிலின்மேல் அதே சொல்லை வீசலாமா? கலையைப் பழித்து ஒதுங்காமல், அதனைக் கண்ணியமாக்கித் தருவதே கற்றவர் கடன் என்பதை அப்பெரியார் எழுபது ஆண்டுக்கு மேல் செய்து காட்டினார்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு மனோகராவின் சில காட்சிகளைப் பயிற்றக் கருதியுள்ளோம். தலைமை வேடத்திற்கு இன்னும் எவரையும் தெரிந்தெடுக்கவில்லை. அச்சிறுவனின் தந்தையார் இவ்விதழைத் தவறாமற் படிப்பவர். அவர் வருகையை எதிர்நோக்கி அவ்விடத்தை வெறிதே வைத்திருக்கிறோம்.