குழந்தைத் தோட்டம் கண்ட பிரோபெல்

நறுக்கி எஞ்சிய காகிதத் துண்டு, கைப்பிடிப் பட்டாணி, மெல்லிய குச்சி, சிறிது களிமண் ஆகியவற்றை நாம் அற்பப் பொருள்கள் என்று எண்ணுகிறோம். இவற்றையே கல்விக் கருவிகளாகக் கொண்டு, குழந்தைக் கல்வியில் புதுநெறி வகுத்த பேரறிஞர் ஒருவர் இருந்தார். அவரே ஜெர்மானியராகிய பிரெடரிக் பிரோபெல்.

ஜெர்மனி நாட்டின் துரிங்கியா என்னும் காட்டு வளம் மிக்க பகுதியில், ஓபர்வைஸ்பாக் என்ற சிற்றூரில், 1782ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பிரோபெல் பிறந்தார். அவர் தந்தையார் கிறித்தவ சமய போதகர். குழந்தைக்கு ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே தாய் இறந்தார். தந்தைக்கோ ஓய்வில்லை, மாற்றாந்தாய்க்கோ அன்பில்லை. தனித்து விடப்பட்ட சிறுவன், தோட்டத்துச் செடிகொடிகளையே தோழராகக் கொண்டான். பத்தாம் வயதில் தாய்மாமன் அவனைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று அன்புடன் வளர்த்தார். இளமையில் தாம் பெறாத அன்பைப் பிற குழந்தைகள் பெறவேண்டும் என்னும் வேட்கை, பின்னாளில் அவர் வாழ்வின் குறிக்கோளாயிற்று.

பதினைந்தாம் வயதில் அவர் வனத்துறைத் தொழில் பயிலச் சென்றார். பின்னர் ஜேனாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். வறுமை அவரை விடாது தொடர்ந்தது. பட்ட கடனைத் தீர்க்க இயலாமல் ஒன்பது வாரம் சிறையிலிருக்கவும் நேர்ந்தது. 1805ஆம் ஆண்டில் கட்டடக் கலை பயிலும் எண்ணத்துடன் பிராங்க்பர்ட் நகரை அடைந்தார். ஆங்கு ஒரு பள்ளித் தலைவர் அவரை ஆசிரியராக அமர்த்தினார். மாணவர் முன் நின்ற அன்றே, தாம் செய்யப் பிறந்த பணி இதுவே என்பதை அவர் உணர்ந்தார். அதன்பின் சுவிட்சர்லாந்து சென்று, பெஸ்டலாசி என்னும் கல்வியறிஞரின் பள்ளியில் ஈராண்டு தங்கி, அவர்தம் முறைகளைக் கற்றறிந்தார்.

1813ஆம் ஆண்டில் பிரோபெலின் தமையனார் ஒருவர், நோயுற்ற போர்வீரர்க்குத் தொண்டு செய்கையில் அந்நோய்க்கே இரையானார். தந்தையை இழந்த அண்ணன் மக்களைக் கைவிட மனமின்றி, பிரோபெல் அவர்களையும் வேறு இருவரையும் சேர்த்து 1816ஆம் ஆண்டில் ஒரு பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டு அது கைல்ஹாவ் என்னும் ஊருக்கு மாறியது.

ஏழு வயதுக்கு முற்பட்ட பருவமே மனிதனின் அடித்தளம் என்பது பிரோபெல் கண்ட உண்மை. ஆதலின் 1837ஆம் ஆண்டில் பிளாங்கன்பர்க் நகரில் சிறு குழந்தைகளுக்கென ஒரு நிலையம் அமைத்தார். செடியைத் தோட்டக்காரன் பேணுவதுபோலக் குழந்தையை ஆசிரியர் பேணவேண்டும் என்று கருதி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைத் தோட்டம் என்று பெயரிட்டார்.

அங்கே விளையாட்டே பாடமாயிற்று. கம்பளி நூற்பந்துகளும் மரக்கட்டைகளும் குழந்தைகளுக்கு அளிக்கப்பட்டன. ஊறவைத்த பட்டாணியிற் குச்சிகளைச் செருகி, வீடும் நாற்காலியும் கட்டினர் சிறுவர். பட்டாணி உலர்ந்தபோது குச்சிகளை இறுகப் பற்றிக்கொண்டது. காகிதப் பட்டைகளைப் பாய் முடைவதுபோலப் பின்னினர். சதுரத் தாளை மடித்துக் கத்தரித்தபோது, ஒரு விதி கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டது. வெட்டி விழுந்த துண்டுகளில் ஒன்றையும் எறிதல் கூடாது. அனைத்தையும் நடுவிலுள்ள உருவத்தைச் சுற்றி அழகுற அடுக்கி, புதிய கோலம் ஆக்குதல் வேண்டும். எப்பொருளும் தன் இடத்தில் அமைந்தால் பயன்படும் என்னும் பேருண்மையைக் கைகளே குழந்தைகளுக்குக் கற்பித்தன.

இத்தகைய நற்பணிக்கும் இடையூறு நேர்ந்தது. 1851ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரஷ்ய அரசாங்கம், குழந்தைத் தோட்டங்கள் நாத்திகம் வளர்ப்பன என்று கூறி அவற்றைத் தடை செய்தது. புதுக்கருத்துகள் கொண்ட அண்ணன் மகன் ஒருவர் எழுதிய நூலைப் பிரோபெலின் எழுத்தென அதிகாரிகள் மயங்கியதும் இதற்குக் காரணமாயிற்று. உண்மையை விளக்கி அவர் முறையிட்டார், பயனில்லை. எழுபது வயதை எட்டிய முதியவர், தாம் நட்ட செடி வாடுவதைக் கண்டும் மனம் தளராது ஆசிரியைகளைப் பயிற்றி வந்தார். தடை நீங்குமுன்பே, 1852ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் மரியந்தால் என்னுமிடத்தில் உயிர் நீத்தார்.

செடி பட்டுப்போகவில்லை. மாரென்ஹோல்ட்ஸ்-பியூலோ என்னும் சீமாட்டி அவர்தம் கொள்கையை இங்கிலாந்து, பிரான்சு முதலிய நாடுகளிற் பரப்பினார். 1860இல் பிரஷ்யா தடையை நீக்கியது. 1876இல் ஜப்பானியத் தலைநகரிலும் குழந்தைத் தோட்டம் தோன்றியது. பந்து, உருளை, கனசதுரம் ஆகிய அவர்தம் விளையாட்டுப் பொருள்களின் வடிவமே அவர் கல்லறையில் நினைவுச் சின்னமாக நிற்கின்றது.

மாணவர்களே! நறுக்கிய தாளின் சிறு துண்டையும் வீணாக்காத பிரோபெல், எந்தக் குழந்தையையும் பயனற்றதென ஒதுக்கவில்லை. எறியத்தக்கது என்று ஒரு பொருளையோ ஓர் உயிரையோ கருதுமுன், அதற்குரிய இடம் யாது என்று நாமும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.